நகை அடகுக் கடைக்குப் போக வேண்டாம்

மகள் பி.எஸ்சி. கணிதம் இறுதியாண்டு. ஏ.ஐ. படிக்காவிட்டால் எதிர்காலமே இல்லை என்று ஐ.டி.யில் இருக்கும் சித்தப்பா சொல்லிவிட்டார். 6 மாதப் பயிற்சிக்கு 2.5 லட்சம் ரூபாய், நகையை வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். வைக்காதீர்கள், அம்மா. சித்தப்பாவுக்கு அக்கறை இருக்கலாம், வட்டி கட்டப்போவது நீங்கள். அங்கே சொல்லித்தரப்போகும் பாண்டாஸ் (தரவு அட்டவணைகளைக் கையாள), சைகிட்-லேர்ன் (இயந்திரக் கற்றலுக்கு) என்ற பைத்தான் நூலகங்கள் இரண்டுக்கும் அவற்றின் இணையதளங்களிலேயே இலவசப் பாடங்கள் இருக்கின்றன. 'வேலை உறுதி' என்பதை எழுத்தில் கேட்டுப் பாருங்கள், 'வேலைக்கு உதவி' என்று வாசகம் மாறிவிடும்.

உங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பதில்தான் அவளுக்கு ஆசை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். எம்.சி.ஏ., பி.எட்., வங்கித் தேர்வு பற்றிச் சொல்ல ஆளிருக்கிறது, நான் விட்டுவிடுகிறேன்.

அந்த ஆசைக்குப் பொருந்தும் வேலை ஒன்று உண்டு: மென்பொருள் நூலகங்களை, அதாவது பிறர் எடுத்துப் பயன்படுத்த எழுதி வைத்த நிரல் தொகுப்புகளை, புதியவருக்குப் புரியும்படி விளக்கி எழுதுவது. டெக்னிகல் ரைட்டர், டெவலப்பர் டாக்குமென்டேஷன் என்ற பெயர்களில் தேடுங்கள். அதற்கு நல்ல கருவி ஜுப்பிட்டர் நோட்புக். விளக்கம், நிரல், விடை மூன்றும் ஒரே பக்கத்தில் 'செல்' எனப்படும் பெட்டிகளில் அடுத்தடுத்து நிற்கும். படிப்பவர் ஒரு எண்ணை மாற்றி அங்கேயே ஓட்டிப் பார்க்கலாம். புது லேப்டாப் வேண்டாம், கூகுளின் இணைய நோட்புக் சேவையான கோலாப் பிரவுசரிலேயே ஓடும்.

முதல் நோட்புக்கை, தமிழ் எழுத்துகளைக் கையாளும் 'ஓப்பன்-தமிழ்' என்ற பைத்தான் நூலகத்துக்கு எழுதட்டும். நிறுவும்போது பெயர் ஓப்பன்-தமிழ், நிரலுக்குள் அழைக்கும்போது (இம்போர்ட்) ஆங்கில எழுத்தில் வெறும் 'tamil'. புதியவர் தடுக்கி விழும் முதல் இடம் அது, அதை அங்கேயே சொல்ல வேண்டும். அடுத்த செல்லில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை 'லென்' கொண்டு கேட்டால் 5 என்று வரும். நமக்குத் தெரிந்து 3 எழுத்துதானே? கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையில் 'மி'யின் இகரக் குறியும் 'ழ்'இன் புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்பதால் 5. சொல்லைத் தலைகீழாக்கினால் இன்னும் வேடிக்கை: புள்ளி அநாதையாக முன்னால் நிற்கும், 'மி'யின் இகரக் குறி போய் 'ழ'வில் ஒட்டி 'ழி' ஆகிவிடும். சிக்கலைக் கண்ணால் பார்த்த பிறகு அந்த நூலகத்தின் 'கெட் லெட்டர்ஸ்' ஃபங்ஷனைக் காட்டினால் த, மி, ழ் என்று மூன்றாகப் பிரியும். விளக்கத்தை முதலில் கொட்டிவிட்டு உதாரணத்தைக் கடைசியில் வைத்தால் யாரும் அதுவரை வரமாட்டார்கள். ஒரு செல்லுக்கு ஒரு கருத்து, பத்து வரிக்கு மேல் வேண்டாம். முடிவில் படிப்பவர் நிரப்ப ஒரு வெற்று செல்லும், விடை சரியா என்று பார்க்க ஒரு அசர்ட் வரியும்.

எழுதியவர் கணினியில் ஓடும், மற்றவரிடம் ஓடாது: நோட்புக்கின் பெரிய நோய் இதுதான். செல்லை அழித்தாலும் அது உருவாக்கிய மாறி (மதிப்பைத் தாங்கும் பெயர்) நினைவகத்தில் இருக்கும். செல்கள் ஓடிய வரிசையைக் காட்டும் பக்கவாட்டு எண்கள் 3, 9, 5 என்று குதித்தால் அப்போதே சந்தேகப்பட வேண்டும். வெளியிடும் முன் 'ரீஸ்டார்ட்' செய்து எல்லா செல்களையும் மேலிருந்து கீழ்வரை ஓட்டுவதில் சலுகையே கிடையாது. கோலாபில் புது செஷன் கிடைத்தால் நிறுவியதெல்லாம் போய்விடும், ஆகவே நிறுவும் வரி முதல் செல்லில், பதிப்பு எண்ணோடு. 2023இல் வந்த பாண்டாஸ் 2.0, டேட்டாஃபிரேம் என்ற அட்டவணையில் வரி சேர்க்கும் 'அப்பெண்ட்'டை நீக்கியபோது, எண் குறிக்காத பழைய பாடங்கள் அப்படியே பிழை காட்டின.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் தெளிவாக எழுத வேண்டும். அதற்குத் தினமும் அரை மணி நேரம் போகட்டும்.

தேர்வு முடிந்து 3 மாதத்தில் 6 நோட்புக்குகள் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏறட்டும், செலவு இணையக் கட்டணம் மட்டும். முதலாவது தயாரானதும் சுட்டியைச் சித்தப்பாவுக்கு அனுப்புங்கள். அவர் கணினியில் எந்த செல்லில் நிற்கிறது என்று அவர் எழுதி அனுப்பட்டும்.