வீடு கட்டுவோர் கேள்வி – பதில்: "குசினியை மூன்றடி தள்ளிக் கட்டுங்கோ"

கேள்வி: மொத்தத் தொகை பேசி ஒரு வீடு கட்டுகிறேன். சொந்தக்காரர் கனடாவில். சுவர் 4 அடி எழும்பிய பிறகு, 12 அடி அகலக் குசினியை 3 அடி வெளியே தள்ளும்படி வட்ஸ்அப்பில் குரற்பதிவு அனுப்பியிருக்கிறார். "36 சதுர அடிதானே, சதுர அடி விலைக் கணக்கிலேயே போடுங்கோ" என்கிறார். சம்மதிக்கலாமா?
– ஒப்பந்தக்காரர், சுன்னாகம்

பதில்: சம்மதிக்காதீர்கள். சதுர அடி விலை முழு வீட்டுக்குமான சராசரி. கட்டியதை உடைத்துச் செய்யும் வேலைக்கு அது கட்டாது.

புது அத்திவாரம் மட்டும் 18 அடி நீளம் வரும் (12+3+3). பழையது மண்ணுக்குள் வீண். எழும்பிய 48 சதுர அடிச் சுவரை உடைத்துத் திரும்பக் கட்ட வேண்டும். மூன்றடி நீளப் பக்கச் சுவர்கள் இரண்டும் 10 அடி உயரமென்றால் இன்னும் 60 சதுர அடி. 16க்கு 8 அங்குலச் சீமெந்துக் கல்லில் 100 சதுர அடிக்கு 112 கல் அளவில் போகும்; உங்கள் 108 சதுர அடிக்கு 121, உடைவோடு 130. கல்லுக்குப் போகும் காசு சிறிது. உடைப்புக் கூலி, கூரை நீட்டல், மேசன்மார் வேலையில்லாமல் நிற்கும் நாட்களின் சம்பளம், இவைதான் ஆளை விழுத்தும். உடைத்ததில் முழுதாய் வரும் கல்லைப் பாவித்தால் அதைக் கழித்துக் காட்டுங்கள்.

வெளிச்சுவர் நகர்ந்தால் எல்லைத் தூரமும் மாறும். திருத்திய பிளானுக்குப் பிரதேச சபையின் அனுமதி எடுங்கள். கழிவுநீர்க் குழியும் நகருமானால் கிணற்றுத் தூரத்தைக் கட்டாயம் திரும்ப அளவுங்கள். எங்கள் யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் அழுக்கு வெடிப்புகளூடாக நிலத்தடி நீருக்கு வெகு விரைவில் இறங்கிவிடும்.

குரற்பதிவை நம்பி வேலை தொடங்க வேண்டாம். ஒரு தாளில் மாற்றத்தின் இலக்கம், திகதி, நீக்குவது, சேர்ப்பது, தொகை, கூடும் நாட்கள், அந்த விலை எந்தத் திகதிவரை செல்லும் என்பதை எழுதிப் படம் பிடித்து அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தவரே எழுத்தில் சம்மதம் தர வேண்டும். மேற்பார்க்க வரும் மாமாவின் வாய்ச்சொல் போதாது. சம்மதம் வரும்வரை அந்தச் சுவரை விட்டு மற்றப் பக்க வேலையை நடத்துங்கள். தொகையை அடுத்த கட்டக் கொடுப்பனவோடு வாங்குங்கள். "கடைசியிலை பாப்பம்" என்று விட்ட கணக்குத்தான் சண்டையில் முடிகிறது.

கேள்வி: "ஒரு பிளக் பொயின்ற்தானே" என்று வருகிற சின்னச் சின்ன வேலைகளுக்கும் தாள் வேண்டுமா?
– வாசகர், கோப்பாய்

பதில்: வேண்டும். இலவசமாகச் செய்தாலும் தொகை இடத்தில் 0 எழுதி இலக்கம் போடுங்கள். பத்துச் சேர்ந்தபின் எவ்வளவு விட்டுக்கொடுத்தீர்கள் என்பது இருவருக்கும் தெரியும். பிளாற் (மேல்தளம்) கொங்கிறீட் போட ஒரு கிழமை முன்பே மின்சாரப் பொயின்றுகளைக் கேட்டு முடித்துவிடுங்கள். இறுகிய பிளாற்றை வெட்டிக் குழாய் பதித்தால் உள்ளிருக்கும் இரும்புக் கம்பி அறுபடக் கூடும். அந்தப் பழுதைப் பூச்சு மூடி மறைத்துவிடும்.