தீ போன சரிவில் என்ன மிஞ்சும்? மலைமண் கேள்வி-பதில்

மாசி, பங்குனி வந்தாலே பழனிமலையிலிருந்து தீயைப் பற்றித்தான் கடிதங்கள் வருகின்றன. இந்த முறையும் அப்படித்தான்.

காட்டுத்தீ போன இடத்தில் மண்ணும் வெந்துவிடுமா? (பண்ணைக்காடு)

எரிந்தது புல்லா, விழுந்து கிடந்த அடிமரமா என்று நீங்கள் எழுதவே இல்லை. புல் தீ சில நிமிடங்களில் கடந்துவிடும். இரண்டு அங்குலத்துக்குக் கீழே சூடு அவ்வளவாகத் தெரியாது. அடிமரம் நாள் முழுக்கக் கனன்ற இடத்தில் மண் செங்கல் நிறமாகிவிடும். அங்கே விதை, வேர், பூஞ்சை எல்லாம் போய்விடும். ஒரே சரிவில் இரண்டும் பத்தடி தூரத்தில் இருக்கும்.

சோலைக்குள் (மலை மடிப்பில் இருக்கிற பசுமைமாறாக் காட்டுக்குள்) தீ ஏன் நுழைவதில்லை? (கூக்கால்)

ஈரம். புல்வெளித் தீ பெரும்பாலும் சோலை விளிம்பிலேயே அவிந்துவிடும். ஆனால் அந்த விளிம்பு வருடாவருடம் கருகினால் சோலை சுருங்கும். புல்லின் உயிர் மண்ணுக்குள் இருக்கிறது, மறுபடி துளிர்க்கும். சோலை மரக்கன்று அப்படி எளிதில் எழுந்துவராது.

சரிவில் இருந்த புதரை வெட்டி எரித்துவிட்டு உருளைக்கிழங்கு போட்டேன். முதல் வருடம் அமோகம், அடுத்த வருடம் சுமார், இப்போது உரம் போட்டும் ஏறவில்லை. சாம்பல் சத்துதானே? அந்தக் காலத்தில் எரித்துத்தானே விதைத்தார்கள்? (மன்னவனூர்)

பல வருடமாக இதே கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சாம்பலில் சத்து உண்டு. ஆனால் அது புதிதாக வந்த சத்து இல்லை. புதரும் சருகும் பல வருடம் சேர்த்து வைத்ததை ஒரே நாளில் எடுத்துச் செலவழித்துவிட்டீர்கள். அதிலும் தழைச்சத்து (நைட்ரஜன்) 200 டிகிரியைத் தாண்டினாலே புகையோடு கிளம்பிவிடும். பொட்டாஷும் சுண்ணாம்பும் கொஞ்சம் மணிச்சத்தும்தான் (பாஸ்பரஸ்) சாம்பலில் தங்கும். மண்ணின் புளிப்பைக் காட்டும் அளவு பி.எச்.; அது குறையக் குறையப் புளிப்பு அதிகம். நம் மலைமண்ணில் அது 5-ஐ ஒட்டி இருக்கிறது. சாம்பல் விழுந்ததும் அது ஏறும், கட்டுண்டு கிடந்த மணிச்சத்து பயிருக்குக் கிடைக்கும். உங்கள் முதல் வருட விளைச்சல் அதில் வந்ததுதான். நான்கு மழை பெய்தால் சாம்பல் ஓடைக்குப் போய்விடும். மண் பழைய புளிப்புக்குத் திரும்பும். இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை மறுபடி பிடித்துக்கொள்ளும். நீங்கள் போடும் உரமும் அந்தப் பிடியில்தான் மாட்டுகிறது.

அப்புறம், மண்ணே போய்விடுகிறதே! எரிந்த ஒரு சரிவில் சாம்பலை விலக்கிவிட்டு, குடிக்கக் கொண்டுபோன தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். இறங்கியது. ஒரு விரற்கடை சுரண்டிவிட்டு ஊற்றினேன். சேம்பிலையில் நிற்பதுபோல முத்து முத்தாக நின்றது. சருகில் இருந்த மெழுகு சூட்டில் ஆவியாகிக் கீழே இறங்கி, மண்துகள்மேல் படிந்துவிடுகிறது. அந்தப் படலத்தைத் தாண்டித் தண்ணீர் இறங்காமல், மேலே இருக்கிற மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. ஓர் ஏக்கரில் ஓர் அங்குல மண் போனால் சுமார் 100 டன். நெஞ்சு பதறுகிறது எனக்கு.

அந்தக் காலத்து மலைமக்கள் எரித்தார்கள், உண்மைதான். சாமையோ கேழ்வரகோ இரண்டு மூன்று வருடம் விதைத்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு வருடம் அந்த நிலத்தைக் காட்டிடமே விட்டார்கள். நீங்கள் தீயை எடுத்துக்கொண்டு ஓய்வை விட்டுவிட்டீர்கள்.

சரி, இனி என்ன செய்யலாம்? மண் பரிசோதனை முடிவைப் பார்த்து, புளிப்பைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்புத் தூள் போடுங்கள். கிழங்கு நடும் பாரை (மண் அணைத்த வரிசையை) மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இழுக்காமல் சரிவுக்குக் குறுக்கே இழுங்கள். வரப்பில் வெட்டிவேர் நடுங்கள். ஒரு போகம் பீன்ஸோ பட்டாணியோ வையுங்கள். மழைக்கு முன் சருகு, தழை பரப்பி மண்ணை மூடுங்கள்.

கரியும் சாம்பலும் ஒன்றா?

இல்லை. சாம்பல் மழையோடு போகும், கரி நூறு வருடமானாலும் மண்ணில் கிடக்கும்.

பூண்டுப் பாத்திக்கு அடுப்புச் சாம்பல் போடலாமா? (பூம்பாறை)

சதுர அடிக்கு ஒரு சிட்டிகை போடலாம், கூடைக் கணக்கில் வேண்டாம். யூரியாவோடும் பச்சைச் சாணத்தோடும் கலக்காதீர்கள், தழைச்சத்து காற்றில் போய்விடும். அடுத்து உருளைக்கிழங்கு போடுவதாக இருந்தால் சாம்பலே வேண்டாம். பி.எச். ஏறினால் கிழங்கில் சொறி வரும்.

மலையில் பரவிக் கிடக்கும் வெளிநாட்டு வாட்டில் மரத்தை எரித்தால் ஒழியுமா?

பெருகும். அதன் விதை பல வருடம் மண்ணில் கிடக்கும். தீ பட்டால் தடித்த தோல் வெடித்துக் கொத்தாக முளைக்கும். எரித்துவிட்டு வந்து என்னிடம் கேட்பவர்கள் அதிகம். தயவுசெய்து முதலில் கேளுங்கள். கன்றாக இருக்கும்போது, மழை பெய்த மறுநாள் வேரோடு பிடுங்குங்கள்.

என் மண் சரியில்லை. என்ன போடலாம்?

எந்த ஊர், எவ்வளவு சரிவு, என்ன பயிர், பி.எச். எவ்வளவு? எதுவுமே எழுதாமல் அஞ்சலட்டை போட்டால் நான் என்ன சொல்வது? மண்ணைப் பரிசோதித்துவிட்டு எழுதுங்கள், கட்டாயம் பதில் தருகிறேன்.

காப்பித் தோட்டத்துச் சருகில் தீப்பிடிக்கும் என்று பயமாக இருக்கிறது. கூட்டிக் கொளுத்திவிடலாமா? (தாண்டிக்குடி)

கொளுத்தாதீர்கள். பயம் நியாயமானதுதான். காட்டை ஒட்டிய எல்லையில் மட்டும் பத்துப் பதினைந்து அடி அகலத்துக்குச் சருகைக் கூட்டி எடுத்துத் தீத்தடுப்புக் கோடு போடுங்கள். தை கடைசிக்குள் போட்டுவிட வேண்டும். கூட்டிய சருகைச் செடிகளுக்கு நடுவே ஒன்றரை அடிக் குழியில் கொட்டி, மேலே நாலு சட்டி மண் தள்ளுங்கள். தோட்டத்துக்குள் இருக்கிற சருகு அப்படியே கிடக்கட்டும். மழைக்கு முன் மண்ணை மூடுங்கள் என்று நான் சொல்வதை நிழலுக்கு நிற்கும் முருக்கும் பலாவும் அங்கே ஏற்கெனவே செய்துகொண்டிருக்கின்றன.