மாடு சினை பிடிக்காததற்கு மரபணுதான் காரணமா? – கேள்வி பதில்

கேள்வி: கிடேரிக்கு நாலு முறை சினை ஊசி போட்டாச்சு, நிற்கவில்லை. பரம்பரைக் கோளாறா சார்?

பதில்: உடனே பரம்பரை மேல் பழி போடாதீர்கள். பால் அளவில் மாட்டுக்கு மாடு தெரியும் வித்தியாசத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் பரம்பரையால் வருவது. சினை பிடிப்பதில் அது பெரும்பாலும் 5 சதவீதத்தைத் தாண்டாது. மற்றதெல்லாம் தீவனம், உடல் தேற்றம், கருப்பை நோய், ஊசி போட்ட நேரம். ஒன்று சொல்லுங்கள்: அது காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்ததா? ஆம் என்றால் பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடுதான். தாய் வயிற்றில் இரண்டின் ரத்தமும் கலந்து, காளைக்கன்றின் ஹார்மோன் இதன் சினைப்பையை வளரவிடாமல் தடுத்திருக்கும். அடுத்த ஊசிக்கு முன் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: சினை உறுதியான பிறகும் கரு கலைகிறது. அதற்கு மரபணு உண்டா?

பதில்: உண்டு. 1962-ல் பிறந்த ஆர்லிண்டா சீஃப் என்ற ஹோல்ஸ்டீன் (அதிகப் பால் தரும் இனம்) காளையின் கதையே போதும். மகள்கள் பாலைக் கொட்டினார்கள். விந்து உலகமெங்கும் போனது. கூடவே ஏபாஃப்-1 என்ற மரபணுவில் ஒரு பழுதும் போனது. ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியாக வரும். ஒரு பிரதி மட்டும் பழுதானால் மாட்டுக்கு ஒன்றும் தெரியாது. தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் பழுதே வந்தால் கரு வயிற்றிலேயே செத்துவிடும்; இருவரும் சுமந்தால் நாலில் ஒரு கருவுக்கு அந்தக் கதி. இதனால் 5 லட்சத்துக்கும் மேல் கருச்சிதைவுகள் நடந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இன்று காளையைச் சோதித்தாலே தெரிந்துவிடும். இந்தப் பழுதுக்கு ஹெச்ஹெச்1 என்று பெயர். ஹோல்ஸ்டீன் விந்து வாங்கும்போது ‘ஹெச்ஹெச்1 இல்லாததா’ என்று கேளுங்கள். கேட்க வெட்கமென்ன?

கேள்வி: ஒரு பருவத்துக்கு ஒரே முட்டைதானே வருகிறது. அதை யார் தீர்மானிப்பது?

பதில்: நல்ல கேள்வி. 21 நாள் சுழற்சியில் முட்டைக் கொப்புளங்கள் (சினைப்பையில் முட்டையைச் சுமக்கும் நீர்ப்பைகள்) இரண்டு மூன்று அலையாகக் கிளம்பும். ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டரில் ஒன்று முந்திவிடும். முட்டையைப் பழுக்கவைத்து வெளிவரச் செய்யும் எல்ஹெச் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியின் மரபணு அதில் வேலை செய்யத் தொடங்கியிருக்கும், மற்றவை வாடிவிடும். முட்டையும் சும்மா இருப்பதில்லை. ஜிடிஎஃப்-9, பிஎம்பி-15 என்ற புரதங்களைச் சுரந்து, சுற்றியுள்ள செல்களை அதுவே வழிநடத்துகிறது.

கேள்வி: அப்படியானால் இரண்டு மூன்று முட்டை வரவைக்கும் மரபணு?

பதில்: இருக்கிறது. நியூசிலாந்தில் ட்ரெபிள் என்ற பசு மூன்று தடவை மூன்று மூன்று கன்றுகளாக ஈன்றது. அதன் வழிவந்தவற்றில் ஸ்மாட்-6 என்ற மரபணு அளவுக்கு மீறி வேலை செய்வது பிறகு தெரிந்தது. கொப்புளங்கள் சிறுத்து, பல ஒன்றாகப் பழுக்கின்றன. ஆசைப்படாதீர்கள். கன்று ஈனும்போது தகராறு, கிடேரி மலடாகும் அபாயம், எல்லாம் சேர்ந்தே வரும்.

கேள்வி: வெள்ளை மாட்டுக்குச் சினைப்பைக் கோளாறு வரும் என்பது உண்மையா?

பதில்: எல்லா வெள்ளை மாட்டுக்கும் அல்ல. ஸ்வீடன், பின்லாந்தின் சில மலை இனங்களில், நிறத்தில் பங்குள்ள கிட் என்ற மரபணு ஆறாவது குரோமோசோமிலிருந்து நகலாகி 29-ல் போய் ஒட்டியிருக்கிறது. அங்கேதான் வெள்ளை நிறத்தோடு சினைப்பைக் குறுக்கமும் சேர்ந்து வருகிறது. விசித்திரம் என்னவென்றால், பெரும்பாலும் இடது சினைப்பைதான் சிறுத்துக் கிடக்கும்.