மௌத் ஆர்கனும் மேடையும்: ப்ளூஸ் கேள்வி பதில்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸை ஹார்மோனிகாவில் (மௌத் ஆர்கன்தான், வாசிப்பவர்கள் ‘ஹார்ப்’ என்பார்கள்) மேடையில் வாசிப்பது பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். எந்தப் பிராண்ட், என்ன விலை என்பதையெல்லாம் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டில் அரை மணி நேரம் வாசிக்கிறேன். மேடை ஏறினால் இரண்டே நிமிடத்தில் மூச்சு முட்டுகிறது. பயம்தான் காரணமா?

பயம் பாதி, காற்றுக் கணக்கு பாதி. ப்ளூஸுக்குப் பெரும்பாலும் செகண்ட் பொசிஷனில் வாசிக்கிறோம், அதாவது பாட்டின் சுருதி ஒன்று, ஹார்ப்பின் சுருதி வேறு. ஜி சுருதிப் பாட்டுக்கு சி ஹார்ப். அப்போது முக்கியமான ஸ்வரங்கள் எல்லாம் உள்ளிழுக்கும் பக்கம் வந்துவிடும். இரண்டாம் துளையை இழுத்தால் ஜி. மூன்றாம் துளையை இழுத்துக் கொஞ்சம் வளைத்தால், அதாவது ஸ்வரத்தைக் கொஞ்சம் கீழே இறக்கினால், அந்த அழுகிற காந்தாரம். இப்படி இழுத்துக்கொண்டே போனால் நுரையீரல் நிரம்பிவிடும். உங்களுக்குக் காற்று பற்றாமல் போகவில்லை, அதிகமாகிவிட்டது. அது தெரியாமல் இன்னும் இழுக்கப் பார்ப்பீர்கள். தோள் ஏறும், கழுத்து நரம்பு புடைக்கும். கீழே உட்கார்ந்திருப்பவருக்கு அது உணர்ச்சியாகத் தெரியாது, தவிப்பாகத் தெரியும்.

பாடகர் வாய் திறந்ததும் ஹார்ப்பைக் கீழே இறக்குங்கள். மூக்கு வழியாக முழுசாக வெளியே விடுங்கள். பாடகர் பாடும்போது வாசிக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு மரியாதை மட்டும் காரணமில்லை.

கேள்வி: தொப்பி, கறுப்புக் கண்ணாடி போட்டால் ப்ளூஸ்காரர் மாதிரி இருக்குமா?

தொப்பி உங்கள் விருப்பம். கண்ணாடி வேண்டாம். பாட்டை முடிக்கிற சைகை கண்ணால்தான் போகும். டிரம்மருக்கு உங்கள் கண் தெரிய வேண்டும்.

கேள்வி: ஹார்ப் கலைஞர் இரண்டாம் சன்னி பாய் வில்லியம்சன் இரண்டு நிற கோட், பௌலர் தொப்பி, குடை என்று வருவார். ஹார்ப்பை முழுசாக வாய்க்குள் போட்டுக் கையில்லாமல் வாசிப்பார். இதெல்லாம் வித்தை காட்டுவதுதானே? இவரை எப்படி அசல் ப்ளூஸ்காரர் என்கிறார்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்தேன். நீங்கள் சொன்னதைவிடப் பெரிய வேஷம் அவரிடம் இருந்தது. அந்தப் பெயரே அவருடையது இல்லை. அவர் பெயர் மில்லர். ‘ரைஸ்’ மில்லர் என்பார்கள். அசல் சன்னி பாய், டென்னசியின் ஜாக்சன் அருகே 1914-இல் பிறந்த ஜான் லீ வில்லியம்சன். அவர் சிகாகோவில் இசைத்தட்டுகளோடு பிரபலமாக இருந்த காலத்திலேயே, ஆர்கன்சாஸ் மாநிலம் ஹெலினாவில் கே.எஃப்.எஃப்.ஏ. வானொலியில் மில்லர் அதே பெயரில் வாசித்துக்கொண்டிருந்தார். 1941-இல் தொடங்கிய கிங் பிஸ்கட் டைம் நிகழ்ச்சி அது. ஜான் லீ 1948-இல் சிகாகோவில் கொலையுண்டார். பெயர் மில்லரோடு தங்கிவிட்டது.

பெயரை எடுத்துக்கொண்டது தவறு. நான் அதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் ஜான் லீயின் வாசிப்பை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், ஐந்தே நொடியில் வித்தியாசம் தெரியும். 1963-இல் அமெரிக்கன் ஃபோக் ப்ளூஸ் ஃபெஸ்டிவலோடு ஐரோப்பா போனபோது எடுத்த ஃபிலிம் காட்சிகளைப் பாருங்கள். ஒரு வரி பாடுகிறார். ஹார்ப் வாய்க்கு வருகிறது. இரண்டே ஸ்வரம். பொத்திய கை மெல்லத் திறக்கிறது, ஒலி ‘வா’ என்று விரிகிறது. பிறகு ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில் அரங்கம் முழுக்க அவர் முகத்தையே பார்க்கிறது.

பாடுவதும் வாசிப்பதும் ஒரே வாய் என்பதால் பாட்டின் மேல் ஏறி வாசிக்க அவரால் முடியாது. அந்த இடைவெளிகள் அப்படி அமைந்தவை. 12 பார் ப்ளூஸே அதற்கு ஏற்றது (ஒரு பார் என்பது நான்கு தட்டுத் தாளம்): மூன்று வரி, வரிக்கு நான்கு பார். அதில் குரலுக்கு ஏறக்குறைய பாதி, மீதி பதிலுக்கு. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் பதில் சொன்னால் கோட் எந்த நிறத்தில் இருந்தாலும் சரிதான்.

கேள்வி: எந்த மைக் வாங்கலாம்?

புல்லட் மைக், கைக்குள் அடங்குகிற உருண்டை மைக். வெறும் கையால் நல்ல தொனி வந்த பிறகு.

கேள்வி: பருத்திக் காட்டையும் நிறவெறியையும் பார்க்காத நாம் ப்ளூஸ் வாசிப்பது பொய் இல்லையா?

பொய் இல்லை, கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். ஹார்ப் கலைஞர் லிட்டில் வால்டரை எடுத்துக்கொள்ளுங்கள். லூசியானாக்காரர். பதின்வயதில் சிகாகோ வந்து மேக்ஸ்வெல் தெருச் சந்தையில் வாசித்தவர். அவர் காதில் ஓடியது லூயி ஜோர்டனின் சாக்ஸபோன். மைக்கைக் கைக்குள் பொத்தி ஆம்ப்ளிஃபையரில் செலுத்தி, ஹார்ப்பை ஹார்ன் மாதிரி முழங்க வைத்தார். 1952-இல் அவருடைய ‘ஜூக்’ இசைத்தட்டு அமெரிக்காவின் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பட்டியலில் எட்டு வாரம் முதலிடம். இன்று நாம் ‘பழைய அசல் சிகாகோ தொனி’ என்பது அன்றைக்குப் புத்தம் புதுசு. இன்னொரு ஹார்ப் கலைஞர் பால் பட்டர்ஃபீல்ட் சிகாகோவில் ஒரு வழக்கறிஞரின் மகன், வெள்ளையர். ஊரின் தென்பகுதி கிளப்களுக்குப் போய்க் கேட்டுக் கேட்டுக் கற்றார். கறுப்பின ப்ளூஸ் பாடகர் ஹவுலின் வுல்ஃபிடம் வாசித்த ஜெரோம் அர்னால்டும் சாம் லேயும் அவர் குழுவுக்கு வந்தார்கள்.

கேள்வி (மேற்படி பதிலுக்கு இன்னொருவர்): பட்டர்ஃபீல்டைக் காட்டித் தப்பிக்காதீர்கள். வேதனை கறுப்பின மக்களுடையது, காசு வேறு யாருக்கோ போனது. அதைச் சொல்லவே இல்லையே?

நீங்கள் சொல்வது சரி. சொல்லியிருக்க வேண்டும். லிட்டில் வால்டர் 1968-இல் தெருச்சண்டைக்குப் பிறகு 37 வயதில் செத்துப்போனார். அவர் தொனியைக் கேட்டு வளர்ந்த வெள்ளையர் குழுக்கள் பெரிய அரங்குகளை நிரப்பின. கற்றுக்கொள்ளலாம் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் கடன் இருக்கிறது. வாசிக்கும் முன் யாருடைய பாட்டு என்று மேடையில் பெயர் சொல்லுங்கள். அவர்களுடைய உச்சரிப்பை, முனகலைப் போலி செய்து பாடாதீர்கள். கறுப்பின ஹார்ப் கலைஞர் சன்னி டெர்ரி ஹார்ப்பிலிருந்து வாயெடுத்து ‘ஹூ’ என்று கூவி, அதே மூச்சில் திரும்ப ஹார்ப்புக்குள் போவார். கண் தெரியாத அந்த மனிதர் 1938-இல் நியூயார்க்கின் கார்னகி ஹாலிலும் அப்படித்தான் கூவினார். அந்தக் கூவல் அவருடைய தொண்டை. நாம் செய்தால் மிமிக்ரி.

கேள்வி: உணர்ச்சியோடு வாசிக்கக் கண்ணை மூடிக்கொள்ளலாமா?

உங்கள் சோலோவில் மூடலாம். பாடகர் பாடும்போது திறந்திருக்கட்டும். அப்போது வாசிக்கவும் வேண்டாம்.

கேள்வி: பழைய சினிமாப் பாட்டு வாசிக்க எந்த ஹார்ப்?

குரோமாட்டிக், பக்கப் பொத்தானை அழுத்தி அரை ஸ்வரங்களையும் வாசிக்கிற ஹார்மோனிகா. அது வேறு வாத்தியம், அதை வாசிப்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: மைக்கைக் கையில் பொத்தியபடி பாடகருக்குப் பின்னால் மெதுவாக வாசித்துக்கொண்டே இருக்கலாமா?

இதை மூன்று முறை சொல்லிவிட்டேன். வேண்டாம். பொறுத்துப் பொறுத்து வாசிக்கக் கற்ற பிறகு கேளுங்கள், அப்போது வேறு பதில் இருக்கும்.

கேள்வி: அண்ணா, எந்த மைக் நல்லது?

மேலே இருக்கிறது தம்பி.

கேள்வி: நாளை எனக்கு முதல் மேடை. இரண்டு பாட்டு. கை இப்போதே நடுங்குகிறது.

இரண்டு பாட்டின் சுருதியையும் இன்றிரவே கிதார்காரரிடம் கேட்டு, வேண்டிய ஹார்ப்களை மட்டும் வரிசையாகப் பையில் வையுங்கள். முதல் துளை இடதுபக்கம் இருக்கிறதா என்று மேடையேறும் முன் பாருங்கள். தலைகீழாகப் பிடித்து ஆரம்பித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். டிரம்மரின் கண் படுகிற இடத்தில் நில்லுங்கள். நடுக்கம் தெரிந்தால் இரண்டு கையாலும் ஹார்ப்பை நன்றாகப் பொத்துங்கள், அடங்கும். முதல் 12 பார் முழுவதும் ஒன்றும் வாசிக்காமல் நின்று கேளுங்கள். இரண்டாவது சுற்றில் முதல் வரி முடிந்ததும் இரண்டாம் துளை, ஒரே ஒரு ஸ்வரம், நீளமாக. வாசித்துவிட்டு வந்து எழுதுங்கள் தம்பி, காத்திருப்பேன்.