10 மி.மீ. தகட்டுக்கு 4 மி.மீ. 6013 ரொட் போதுமா, 7018தான் வேண்டுமா?

10 மி.மீ. தகடு இரண்டை ஒட்ட வேண்டும், கையில் 200 அம்பியர் இன்வேட்டர் வெல்டிங் மெசின் இருக்கிறது, வெல்டிங் ரொட்டில் தடித்த 6013 வாங்குவதா 7018 வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் கிரைண்டரை எடுங்கள். ரொட் அப்புறம்.

ஏன் என்று சொல்கிறேன். திருகோணமலையில் நான் பட்டறை போட்ட புதிதில், கிண்ணியாக் காக்கா ஒருவர் மண் ஏற்றும் உழவு மெசின் பெட்டியைக் கொண்டுவந்தார். இழுக்கிற சட்டத்தைப் பெட்டியோடு பிடிக்கும் 12 மி.மீ. தகடு விட்டிருந்தது. நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன்: தடித்த இரும்பு, தடித்த ரொட். காஸில் வெட்டிய தகட்டை நேருக்கு நேர் முட்டவைத்து, 4 மி.மீ. 6013இல் மேலே ஒரு ஓட்டம் (ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு வரி வெல்ட்), கீழே ஒரு ஓட்டம். வெல்டின் மேல் படிந்த கசடு தானாக உரிந்து விழுந்தது. உள்ளே மீன் செதில் அடுக்கியது போல அவ்வளவு சீர். காக்காவும் "தம்பிட கை நல்ல கை" என்று சொல்லிக் காசைத் தந்துவிட்டுப் போனார்.

மூன்றாம் கிழமை பெட்டி திரும்பி வந்துவிட்டது. உடைந்த வாயைத் துடைத்துப் பார்த்தேன். மேலே 3 மி.மீ., கீழே 3 மி.மீ. அளவில் புதிதாக முறிந்த சாம்பல் நிற உலோகம். நடுவில் இருந்த 6 மி.மீ. அகலத்தில், காஸ் வெட்டிய கோடுகள் ஒன்றுகூடக் கலையாமல் அப்படியே இருந்தன. பாதித் தகட்டை நான் தொடவே இல்லை. காசைத் திருப்பிக் கொடுத்து, இரண்டாம் முறை சும்மா செய்து கொடுத்தேன்.

ரொட் தடித்தால் மேலே கொட்டும் உலோகம் கூடும், ஆழம் அவ்வளவாகக் கூடாது. அதிலும் 6013 மெல்லிய தகட்டுக்கு இதமாக எரியும்படி பூச்சுப் போட்டது. மேலோடு உருக்கிவிட்டுப் போய்விடும். ஆகவே தகட்டின் விளிம்புகளைக் கிரைண்டரால் ஆளுக்கு 30 பாகை சரித்து வெட்டுங்கள், சேர்த்தால் 60 பாகை வாய். அடியில் 2 மி.மீ. அளவுக்குச் சரிக்காத மூக்கை விட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஓட்டை விழும். இடையில் 2.5 மி.மீ. இடைவெளி வேண்டும். அதற்கு நான் 2.5 மி.மீ. ரொட் ஒன்றின் பூச்சைத் தட்டி உதிர்த்துவிட்டு, கம்பியை வளைத்து இடையில் சொருகிவைத்து டாக் (தகடு நகராமல் பிடிக்கும் சின்ன வெல்ட்) அடிப்பேன்.

இனி ரொட். ரொட் பெட்டியில் உள்ள எண்ணில் 60, 70 என்பவை வெல்டின் இழுவிசை, சதுர அங்குலத்துக்கு 60,000 இறாத்தல், 70,000 இறாத்தல். மூன்றாவது 1 என்றால் எந்த நிலையிலும் அடிக்கலாம். கடைசி எண் பூச்சின் வகையையும் கரண்டின் வகையையும் காட்டும். சாதாரண இரும்புத் தகட்டுக்கு 60 போதும். 7018ஐ நான் எடுப்பது அந்தப் 10,000 இறாத்தலுக்காக இல்லை, வெடிப்பு வராது என்பதற்காக. தடித்த தகடு சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். வெல்ட் வேகமாக ஆறி இறுகும்போது உள்ளே ஐதரசன் இருந்தால், வேலை முடிந்து ஒரு நாள் கழித்துக்கூட வெடிப்பு விடும். 7018இன் பூச்சில் ஐதரசன் மிகக் குறைவு, அது காய்ந்திருக்கும் வரை.

இங்கேதான் நம் ஊர் விளையாடுகிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பிரச்சினை இல்லை. மாரியில், கடலோரப் பட்டறையில் பெட்டியை உடைத்து வைத்தால் பூச்சு ஈரத்தை உறிஞ்சிவிடும். அமெரிக்க வெல்டிங் விதிப்படி 7018ஐ வெளிக்காற்றில் 4 மணிநேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. நம் பக்கம் போன மாரியில் உடைத்த பெட்டியை இந்த மாரியிலும் பாவிக்கிறோம். நனைந்ததைத் தகரத்தில் போட்டு வெயிலில் காயவைப்பது வீண்வேலை. 260 பாகை செல்சியஸுக்கு மேல் ஒன்றிரண்டு மணிநேரம் சுட வேண்டும், சரியான அளவு பெட்டியிலேயே இருக்கும். பழைய பிரிட்ஜுக்குள் பல்ப் எரியவைப்பது காய்ந்த ரொட்டைக் காப்பாற்றும், நனைந்ததை மீட்காது. சின்ன வேலையென்றால் சின்ன பக்கெட்டாக வாங்கி அன்றே முடித்துவிடுங்கள். வெல்டில் ஊசித் துவாரமாக வந்தால் ரொட் நனைந்துவிட்டது என்று வையுங்கள்.

ரொட்டின் அளவு 3.2 மி.மீ. போதும், 4 வேண்டாம். 4 மி.மீ. ரொட்டுக்கு 150, 170 அம்பியர் வேண்டும். மெசினில் 200 என்று எழுதியிருந்தாலும், வீட்டு 30 அம்பியர் லைனில் டிரிப் விழுந்துகொண்டே இருக்கும். அடி ஓட்டத்தை 2.5இல் 80 அம்பியர் அளவில் போட்டுவிட்டு, மேலே 3.2ஐ 115 முதல் 130 வரை வைத்து மூன்று நான்கு ஓட்டமாக நிரப்புங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கசடைத் தட்டி, கம்பித் தூரிகை போட்டு, இரும்பு மினுங்கினால்தான் அடுத்தது. தகட்டைச் செங்குத்தாக நிறுத்தி அடிப்பதென்றால் கீழிருந்து மேலே. மேலிருந்து கீழே இழுப்பது கேற்றுக்கு நல்லது, இதற்கு ஆகாது.

ரொட் பிடிக்கும் ஹோல்டர் மெசினின் பிளஸில் இருக்கட்டும். நுனி தகட்டில் உரசும் அளவுக்குக் கிட்டப் பிடியுங்கள், 6013 போல ஆட்டி ஆட்டி அடிக்காதீர்கள். பாதியில் நிறுத்தினால் நுனியில் கண்ணாடி போல ஒரு மூடி படியும். கொங்கிறீட்டில் ஒருதரம் உரசினால் போய்விடும். பழைய டிரான்ஸ்போமர் வெல்டிங் பிளாண்டில் 7018 பற்றாமல் அடம்பிடித்தால் உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள், பல பிளாண்டுகளுக்கு 7018ஐப் பற்றவைக்கும் வோல்டேஜ் கிடையாது.

7018 கிடைக்கவில்லை, ஒட்டுவது ஆளோ பாரமோ தொங்காத வேலை என்றால், வாய் வெட்டிய தகட்டில் புதிய 3.2 6013 தாராளமாகப் போதும். நனைந்த 7018ஐ விட அது மேல். ஆனால் லொறி வில்லுத் தகட்டைக் கொண்டுவந்து இதே முறையில் ஒட்டப் பார்க்காதீர்கள், அதில் கார்பன் அதிகம். அது வேறு கதை.

உண்மையான வேலைக்கு முன் கழிவுத் துண்டு இரண்டை T ஆக நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் அடியுங்கள். ஆறியதும் அடிக்காத பக்கத்திலிருந்து சம்மட்டியால் அறைந்து வெல்டின் மேல் சாய்த்து உடைத்துப் பாருங்கள். மூலையில் தகட்டின் பழைய விளிம்பு கோடாகத் தெரிந்தால் 10 அம்பியர் கூட்டி இன்னொரு துண்டு அடியுங்கள்.