கயிறு தொங்கிவிட்டதா? ஸ்பிரிங்கை மட்டும் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒன்றரை ஏக்கரில் தக்காளி நட்டிருக்கிறோம் ஐயா. நட்டு 25 நாள் ஆகிறது, களை மண்டிக் கிடக்கிறது. எங்களிடம் 7 ஹெச்.பி. பெட்ரோல் பவர் வீடர் இருக்கிறது. நாலைந்து மாதம் கொட்டகையில் கிடந்ததை எடுத்தால், இருபது முப்பது தடவை இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆனது. மறுநாள் இழுத்த கயிறு உள்ளே போகாமல் அப்படியே தொங்கிவிட்டது. தம்பி கவரைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளேயிருந்த ஸ்பிரிங் படாரென்று துள்ளி விரிந்துவிட்டது. எத்தனை முறை சுற்றினாலும் உட்கார மாட்டேன் என்கிறது. கடையில் முழு ஸ்டார்ட்டர் செட்டையும் மாற்றச் சொல்கிறார்கள். நாங்களே சுற்ற முடியுமா?

பதில்: முடியும். ஆனால் முதலில், தம்பியின் கண்ணும் கையும் நன்றாக இருக்கின்றனவா? அந்த ஸ்பிரிங் பார்க்க நாடா மாதிரி இருக்கும், ஓரமோ பிளேடு. பல வருடம் முன்னால் பென்னாகரம் பக்கம் ஒரு களத்துமேட்டில் வெறுங்கையால் இதே வேலையைச் செய்தேன். என் இடது கட்டைவிரலில் இன்னும் ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. இனி தொடும்போது தடித்த தோல் கையுறை போடுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

சரி, அந்தக் கவருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. கயிறு ஒரு புல்லியில் சுற்றியிருக்கிறது. நீங்கள் இழுக்கும்போது புல்லி சுற்றுகிறது, கூடவே ஸ்பிரிங் இறுகுகிறது. அதே நேரம் புல்லியின் முகத்தில் உள்ள சின்ன நாக்கு வெளியே வந்து, ஃப்ளைவீலில் (எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரம்) பொருத்தியிருக்கும் கிண்ணத்தின் பல்லைப் பிடித்து எஞ்சினைச் சுற்றிவிடுகிறது. கைப்பிடியை விட்டால் இறுகின ஸ்பிரிங் தளர்ந்து கயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். எஞ்சினைச் சுற்றுவது உங்கள் கை, ஸ்பிரிங்குக்கு வேலை கயிற்றைத் திரும்பச் சுற்றுவது மட்டும்தான். அதனால்தான் ஸ்பிரிங் போனாலும் கயிறு ஒரு தடவை இழுபடும், அப்புறம் தொங்கும். கயிறு சரியாக உள்ளே போய்வந்தும் எஞ்சின் சுற்றவில்லை என்றால் அது நாக்கின் கோளாறு, ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம்.

இப்போது துள்ளி வந்த ஸ்பிரிங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு முனையிலும் கொக்கி மாதிரி மடிப்பு இருக்கும். இரண்டும் முழுசாக இருந்து, நடுவில் விரிசலோ மடங்கின தடமோ இல்லையென்றால் அதையே திரும்பச் சுற்றலாம், காசு செலவில்லை. நடுவில் ஒடிந்திருந்தால் ஒட்ட வைக்கிற பேச்சுக்கே இடமில்லை, புது ஸ்பிரிங்தான். கொக்கி மட்டும் முறிந்திருந்தால் ஒரு வழி உண்டு. முறிந்த முனையில் ஒரு அரை அங்குலத்தை மட்டும் தீயில் சிவக்கக் காட்டித் தானாக ஆறவிட்டு, குறடால் பழைய கொக்கியின் அளவுக்கு மடக்குங்கள். சூடு மேலே ஏறினால் அந்த இடம் முறுக்கு இழந்து சவசவத்துவிடும் என்பதால் முனைக்குச் சற்று மேலே ஈரத்துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். தற்காலிகத்துக்கு இது போதும். சீசன் முடிந்ததும் புதுசு வாங்கிவிடுங்கள்.

புல்லியின் விளிம்பு உடைந்திருந்தாலோ, கவரில் ஸ்பிரிங் மாட்டுகிற இடம் தேய்ந்து வழுக்கினாலோ கடைக்காரர் சொன்னதுதான் சரி, முழு செட் மாற்றுங்கள். வாங்கப் போகும்போது பழைய செட்டைக் கையோடு கொண்டு போங்கள். வேறு எஞ்சினின் செட்டாக இருந்தாலும் போல்ட் ஓட்டை மூன்றும் அச்சாகப் பொருந்தலாம், ஆனால் புல்லியின் உயரமும் நாக்கும் வேறாக இருக்கும். வீட்டுக்கு வந்து மாட்டின பிறகுதான் கிண்ணத்தைப் பிடிக்கவில்லை என்று தெரியவரும்.

சுற்றுகிற வேலைக்கு வருவோம். முதலில் ஸ்பார்க் பிளக்கின் கேப்பைக் கழற்றிவிடுங்கள், பெட்ரோல் குழாயை மூடுங்கள். கவரையும் புல்லியையும் துடைத்து, செம்மண் புழுதியைப் பழைய டூத் பிரஷ்ஷால் தள்ளி எடுங்கள். நம்ம ஊர் புழுதி பவுடர் மாதிரி நைசாக இருக்கும், கிரீஸோடு சேர்ந்தால் கல்லாகிவிடும். ஸ்பிரிங் உடையாமலேயே கயிறு உள்ளே போகாமல் நிற்பதற்கு இந்தப் பசைதான் பெரும்பாலும் காரணம்.

சில எஞ்சினில் ஸ்பிரிங் கவரின் குழிக்குள் உட்காரும், சிலதில் புல்லியின் முதுகில் உள்ள குழிக்குள் உட்காரும். நீங்கள் வைத்திருக்கும் வகையில் பெரும்பாலும் இரண்டாவதுதான். எதுவானாலும் வெளிமுனைக் கொக்கியைக் குழியின் ஓரத்தில் உள்ள வெட்டில் மாட்டுங்கள். அப்புறம் வெளியிலிருந்து உள்நோக்கி, ஒவ்வொரு சுற்றாக, முந்தின சுற்றோடு ஒட்டி அழுத்திக்கொண்டே போங்கள். ஒரு கட்டைவிரல் போட்ட சுற்றை அமுக்கிப் பிடித்தபடியே இருக்க வேண்டும், இன்னொரு கை புல்லியைத் திருப்ப வேண்டும். பாதியில் விரலை எடுத்தால் மறுபடியும் படார்தான். உங்கள் தம்பிக்கு உட்காராமல் போனதற்குக் காரணம் அவர் உள்ளிருந்து வெளியே சுற்றப் பார்த்ததாக இருக்கும். அப்படிச் சுற்றினால் கடைசி இரண்டு சுற்று குழிக்குள் அடங்கவே அடங்காது.

கைக்கு வரவில்லை என்றால் ஒரு குறுக்குவழி. ஸ்பிரிங்கை வெளியிலேயே, குழியின் விட்டத்தைவிடச் சற்றுச் சின்ன வளையமாகச் சுற்றி, கொத்தனார் வைத்திருக்கும் கட்டுக்கம்பியால் இரண்டு மூன்று இடத்தில் இறுகக் கட்டுங்கள். அந்த வளையத்தை அப்படியே குழியில் வைத்து, வெளிக்கொக்கியை மாட்டி, மேலே ஒரு பலகைத் துண்டால் அழுத்திக்கொண்டு கம்பியை ஒவ்வொன்றாக வெட்டி உருவுங்கள். ஸ்பிரிங் தானாக விரிந்து குழியின் சுவரில் போய் அமரும். புது ஸ்பிரிங் கடையிலிருந்து கட்டோடு வருவதும் இதற்காகத்தான். அவசரப்பட்டு முதலிலேயே கட்டை வெட்டிவிடாதீர்கள். இவ்வளவையும் ஒரு கோணிச் சாக்கின் மேல் வைத்துச் செய்யுங்கள். துள்ளப் பார்த்தால் சாக்கின் ஓரத்தை மேலே போட்டு அமுக்கிவிடலாம்.

திசை தவறாமல் இருக்க ஒரு சோதனை இருக்கிறது. உள்முனைக் கொக்கியைக் குறடால் பிடித்துக்கொண்டு, கயிறு இழுக்கும்போது புல்லி எந்தப் பக்கம் சுற்றுமோ அந்தப் பக்கமாகப் புல்லியைக் கொஞ்சம் திருப்புங்கள். ஸ்பிரிங் நடுவை நோக்கி இறுக வேண்டும். இறுகாமல் தளர்ந்து புடைத்தால் தலைகீழாக வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அப்படியே மூடி இழுத்தால் முதல் இழுப்பிலேயே உள்கொக்கி நிமிர்ந்து போகும். கழற்றுவதற்கு முன்னால் செல்போனில் ஒரு போட்டோ எடுத்திருந்தால் இந்தச் சந்தேகமே வராது. அடுத்த தடவைக்கு நினைவில் இருக்கட்டும்.

உட்கார்ந்ததும் ஸ்பிரிங்கின் மேல் இரண்டு மூன்று சொட்டு எஞ்சின் ஆயில் விட்டால் போதும். கிரீஸை அள்ளி அப்பாதீர்கள். நாக்கின் மேல் எதுவும் வேண்டாம்.

கயிறு நைந்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள், இதற்காக இன்னொரு தடவை கழற்றப் போகிறீர்களா? ஸ்டார்ட்டருக்கென்று விற்கும் பின்னல் நைலான் கயிற்றையே வாங்குங்கள். மாடு கட்டும் பிளாஸ்டிக் கயிறு உரசிச் சூடேறி இழை பிரிந்துவிடும். நீளமும் தடிமனும் பழையதைப் போலவே இருக்கட்டும். தடித்தால் புல்லியில் நெருக்கிச் சிக்கும். முனையைத் தீக்குச்சியால் உருக்கி, எட்டுப் போல முடிச்சுப் போடுங்கள்.

கயிற்றைப் புல்லியில் முழுசாகச் சுற்றி, கடைசி ஒரு சாண் நீளத்தைப் புல்லி விளிம்பில் உள்ள வெட்டு வழியாக வெளியே விட்டு வையுங்கள். புல்லியைக் கவருக்குள் இறக்கி, உள்கொக்கி மாட்டும் வரை மெதுவாக ஆட்டுங்கள். மாட்டியதும் புல்லியைத் திருப்பும்போது கைக்கு ஒரு இழுவை தெரியும். நாக்கு, அதன் சின்ன ஸ்பிரிங், மூடி எல்லாம் வைத்து நடு போல்ட்டை இறுக்குங்கள்.

இனிமேல்தான் முக்கியமான இடம். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கயிறு அந்த வெட்டிலேயே இருக்க, புல்லியை இழுக்கும் திசையில் இரண்டு முழுச் சுற்று திருப்பிப் பிடித்துக்கொள்ளுங்கள். கவரைக் கவிழ்த்து உள்பக்கம் உங்களைப் பார்க்க வைத்தால், இந்த வகை எஞ்சினில் அது கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசை. பிடியை விடாமல் வெளியே விட்ட கயிற்றைக் கவரின் துளை வழியாக எடுத்துக் கைப்பிடியைக் கட்டுங்கள். மெதுவாக விட்டால் கைப்பிடி போய்க் கவரில் ஒட்டி நிற்க வேண்டும். சாய்ந்து தொங்கினால் இன்னொரு சுற்று கூட்டுங்கள்.

கூட்டினால் நல்லதுதானே என்று நாலைந்து சுற்று ஏற்றிவிடாதீர்கள். கயிற்றைக் கடைசி வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, புல்லியைக் கையால் இன்னும் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். குறைந்தது அரைச் சுற்றாவது திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் கயிறு முடிவதற்கு முன்பே ஸ்பிரிங் முழுக்க இறுகிவிடுகிறது. அப்படிப்பட்ட ஸ்பிரிங் ஒடிய அதிக நாள் ஆகாது.

எஞ்சினில் மாட்டும்போது மூன்று போல்ட்டையும் லூசாக வைத்து, நாக்கு கிண்ணத்தைப் பிடிக்கும் வரை கயிற்றை மெதுவாக இழுத்து, அந்த நிலையிலேயே போல்ட்டுகளை இறுக்குங்கள். கவர் நடுவில் வந்து உட்காரும். வெளியே கையில் வைத்து இழுக்கும்போது நன்றாக வேலை செய்த ஸ்டார்ட்டர், எஞ்சினில் மாட்டியதும் சிக்குகிறதென்றால் காரணம் இந்த நடு தவறியதுதான்.

இத்தனையும் செய்து, நாளைக்கு மறுபடியும் முப்பது தடவை இழுத்தால் என்ன பிரயோஜனம்? உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது துள்ளின ஸ்பிரிங் இல்லை, அந்த இருபது முப்பது தடவைதான். நல்ல நிலையில் உள்ள எஞ்சின் நாலைந்து இழுப்பில் பிடிக்க வேண்டும். பிடிக்காதபோது கோபத்தில் கயிற்றைக் கடைசி வரை வெடுக்கென்று இழுக்கிறோம், சலித்துப்போய்க் கைப்பிடியை அப்படியே விட்டுவிடுகிறோம். அது போய்ப் படீரென்று கவரில் அடிக்கிறது. ஸ்பிரிங்கின் கொக்கி நிமிர்வது இந்த இரண்டினால்தான்.

நாலைந்து மாதம் கொட்டகையில் கிடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். டேங்கில் பழைய பெட்ரோல் இருந்திருக்கும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். போதாக்குறைக்குக் கார்புரேட்டரில் தேங்கின பெட்ரோல் ஆவியாகி, நுண்துளைகளில் பிசின் மாதிரி படியும். பழைய பெட்ரோலை முழுக்க வடித்து, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி அதையும் வடித்துவிட்டுப் புதுசு ஊற்றுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிக் கரியைத் துடைத்து, இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். ஏர் பில்டர் ஸ்பாஞ்ச் என்றால் சோப்புத் தண்ணீரில் அலசி நன்றாகக் காயவைத்து, சில சொட்டு ஆயில் தடவிப் பிழிந்து மாட்டுங்கள். எஞ்சின் ஆயில் அளவையும் பாருங்கள். சில எஞ்சினில் ஆயில் குறைந்தால் ஸ்பார்க்கே வராதபடி சென்சார் வைத்திருக்கிறார்கள். அது தெரியாமல் நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இழுக்கும்போது முதலில் மெதுவாக, கைக்குத் தடை தெரியும் வரை இழுங்கள். கயிற்றைத் திரும்ப விட்டு, அங்கிருந்து ஒரே வீச்சில் இழுங்கள். கயிறு முடியும் வரை போகாதீர்கள். துளைக்கு நேராக இழுங்கள், பக்கவாட்டில் இழுத்தால் துளையின் விளிம்பு கயிற்றை அறுக்கும். எஞ்சின் பிடித்ததும் கைப்பிடியைக் கையோடு கொண்டுபோய் வைத்துவிடுங்கள். அடுத்த தடவை வீடரைக் கொட்டகையில் ஏற்றுவதற்கு முன்னால் டேங்கை வடித்துவிட்டு, பெட்ரோல் குழாயை மூடி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள்.

களை இப்போதே மண்டிவிட்டது என்கிறீர்கள். ஸ்பிரிங் ஒடிந்திருந்து புதுசு வர இரண்டு நாள் ஆகும்போல் தெரிந்தால், செடியை ஒட்டியாவது கைக்களை எடுத்துவிடுங்கள், மெஷினுக்காகக் காத்திருக்க வேண்டாம். கழற்றி மாட்டுவதில் இன்னும் சந்தேகம் இருந்தால் ஸ்டார்ட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி வேளாண் பொறியியல் துறை அலுவலகத்துக்குப் போய்க் காட்டுங்கள், வீடரைத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை.

எல்லாம் மாட்டி முடித்து இழுத்தும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் முதலில் பிளக் கேப்பைப் பாருங்கள். வேலை ஆரம்பிக்கும்போது கழற்றச் சொன்னேனே, அது. ஒரு முறை நானே அதை மாட்ட மறந்து, நாலு பேர் பார்க்கப் பதினைந்து தடவை இழுத்தேன்.