நின்றவரும் கடந்தவரும்

வணக்கம்.

முதுகலை உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஓர் அருங்காட்சியகத்தின் பார்வையாளர் ஆய்வுப் பிரிவில் பத்து வார இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. புதிதாகத் திறந்த ஒரு கூடத்தை மதிப்பிடுவது என் வேலை. இப்போதைக்குப் பரீட்சை அட்டையும் ஸ்டாப்வாட்சுமாக நின்று, யார் எங்கே நிற்கிறார்கள் என்று குறிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இது ஆராய்ச்சியா, வெறும் தலையெண்ணும் வேலையா? எத்தனை பேரைப் பார்த்தால் போதும்? பேசிப் பார்த்தாலோ எல்லோரும் "நல்லா இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என்ன செய்யலாம்?

ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

ஆராய்ச்சிதான். இந்தத் துறை வளர்ந்ததே இந்த வேலையிலிருந்துதான். 1920-களில் எட்வர்ட் ராபின்சன் என்ற உளவியலாளர் அமெரிக்க அருங்காட்சியகங்களில் பார்வையாளர்களைப் பின்தொடர்ந்து நேரம் குறித்தார். அவர் வழியில் வந்த ஆர்தர் மெல்டன், கூடத்துக்குள் நுழைபவர்களில் பெரும்பாலோர் வலப்புறம் திரும்புவதையும், வெளியேறும் வாசல் அவர்களைத் தன் பக்கம் இழுப்பதையும் 1935-ல் பதிவு செய்தார். "வாசல் தெரிந்தது, போய்விட்டேன்" என்று எந்தப் பார்வையாளரும் பேட்டியில் சொல்ல மாட்டார். அதை நின்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

தலையெண்ணுவது ஆராய்ச்சியாக மாறுவது முன்கூட்டியே வகுத்துக்கொண்ட விதிமுறையால். யாரைக் கவனிப்பது என்பதை உங்கள் கண்ணிடம் விட்டால், அது நிதானமாகப் பார்ப்பவரையும், தனியாக வந்தவரையும், உங்கள் வயதுக்காரரையும்தான் பொறுக்கும். அதனால் வாசலுக்குள் தரையில் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஒரு தாள் என்று புதுத் தாளை அட்டையில் மாட்டி நிமிர்ந்த பிறகு அந்தக் கோட்டைத் தாண்டும் மூன்றாவது பெரியவரே உங்கள் ஆள். அவர் முப்பது விநாடியில் வெளியேறினாலும் அந்தத் தாள் கணக்கில் உண்டு. "இவர் ஒழுங்காகப் பார்க்கவில்லை" என்று தாளைத் தூக்கிப்போடுவதைவிடப் பெரிய தவறு இந்த வேலையில் இல்லை. விரைந்து போனவர்களை நீக்கினால் சராசரி நேரம் ஏறிவிடும், சரியாக ஓடாத கூடமும் நன்றாக ஓடுவதாக அறிக்கை சொல்லும்.

அடுத்தது, நிற்பது என்றால் என்ன? இரண்டு பாதமும் ஊன்றியிருக்க வேண்டும், முகம் காட்சிப்பொருளின் பக்கம் இருக்க வேண்டும், அப்படி மூன்று விநாடியாவது ஆக வேண்டும். இரண்டு விநாடி வைப்பவர்களும் உண்டு. எதை வைத்தாலும் கடைசித் தாள்வரை மாற்றக் கூடாது. ஒரு பெண் நான்காம் காட்சிப் பேழைக்கு முன்னால் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கால் ஊன்றிவிட்டது, ஆனால் கண் கைப்பேசியில். குழந்தை கையை இழுக்கிறது. நடந்துகொண்டே திரும்பி விளக்கப் பலகையின் தலைப்பைப் படிக்கிறார். கால் நின்றபோது முகம் அங்கே இல்லை, முகம் திரும்பியபோது கால் நிற்கவில்லை. ஆகவே இது நிறுத்தம் அல்ல. தாளிலுள்ள கூட வரைபடத்தில் அவர் போன வழிக்கோடு நான்காம் பேழையைக் கடந்து போகும், ஓரத்தில் "கைப்பேசி" என்று எழுதுவீர்கள், அவ்வளவுதான். அவர் தலைப்பைப் படித்தாரே என்று மனம் இளகி, நின்றதற்கான புள்ளி ஒன்றை வைத்தால், நாளைக்கு இன்னொருவருக்கும் வைக்க வேண்டிவரும்.

முதல் இரண்டு நாள், பிரிவில் இருக்கும் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு ஒரே பார்வையாளரை இருவரும் தனித்தனித் தாளில் குறியுங்கள். பத்துப் பேர் முடிந்ததும் தாள்களை அருகருகே வைத்துப் பாருங்கள். உட்கார்ந்தபடி பார்ப்பவர், திரும்பி வந்து இரண்டாம் முறை நிற்பவர், கூட்டத்தின் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பவர், இவர்களிடம்தான் முரண்பாடு வரும். விதியை எழுத்தில் திருத்தி இன்னொரு பத்துப் பேரைப் பாருங்கள். இந்த முன்னோட்டத் தாள்களை இறுதிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எண்ணிக்கைக்கு வருகிறேன். 95% நம்பக அளவில், அதாவது இதே கணக்கை நூறு முறை எடுத்தால் ஏறத்தாழ 95 முறை பொருந்தும் அளவில், நூறு பேரிடம் எடுத்த சதவீதத்தில் ஏறத்தாழ 10 சதவீதப் புள்ளி இப்படியோ அப்படியோ பிழை இருக்கலாம். அதை 5 ஆக்க நானூறு பேர் வேண்டும். ஒருவருக்கு இருபது நிமிடம் ஆகிறதென்றால், இடைவெளியும் சேர்த்து மணிக்கு இரண்டு பேர்தான் தேறுவார்கள். நூறு பேருக்கு ஐம்பது மணி நேரம். உங்கள் பத்து வாரத்துக்கு நூறு நியாயமான இலக்கு. அந்த ஐம்பது மணி நேரத்தை வேலைநாள், விடுமுறை நாள், காலை, மாலை என்று வருகைக் கணக்குக்கு ஏற்பப் பிரித்துவிடுங்கள். நேரத்தைச் சொல்லும்போது சராசரியோடு இடைநிலை அளவையும் (நேரங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) தாருங்கள். ஒரே ஒருவர் இரண்டு மணி நேரம் இருந்தாலே சராசரி கெட்டுவிடும். வேறு கூடங்களோடு ஒப்பிட, அருங்காட்சியக மதிப்பீட்டாளர் பெவர்லி செரல் கொண்டுவந்த கணக்கு உதவும்: கூடத்தின் சதுர அடியைச் சராசரி நிமிடங்களால் வகுப்பது. எண் சிறிதானால் மக்கள் மெதுவாக நகர்ந்திருக்கிறார்கள் என்று பொருள்.

"நல்லா இருக்கு" என்பது மரியாதை. உங்கள் கழுத்தில் அருங்காட்சியகத்தின் அடையாள அட்டை தொங்குகிறது, முகத்துக்கு நேராக யார் குறை சொல்வார்கள்? "இந்தக் கூடத்தை நான் அமைக்கவில்லை, குழப்பமான இடங்களைச் சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும்" என்று தொடங்குங்கள். "பலகை புரிந்ததா?" என்று கேட்டால் ஆமாம் என்பார்கள். "இந்தக் கூடம் எதைப் பற்றியது என்று நண்பர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். பதிலை அவர்கள் சொற்களிலேயே எழுதுங்கள், அழகுபடுத்த வேண்டாம். பேட்டி வெளியேறும் இடத்தில்தான் நடக்க வேண்டும். உள்ளே வரும்போதே "பிறகு கேள்வி கேட்பேன்" என்று சொன்னால், தேர்வுக்குப் படிப்பதுபோலப் பலகைகளைப் படிக்கத் தொடங்கிவிடுவார்கள். மறுத்தவர்களையும் எண்ணுங்கள்: எத்தனை பேர், தனியாகவா, குழந்தைகளோடா, ஏன். குழந்தைகளோடு வந்தவர்கள்தான் அதிகம் மறுக்கிறார்கள் என்றால், உங்கள் முடிவு குடும்பங்களைப் பற்றிப் பேசத் தகுதியற்றது.

கூடத்தில் ஆய்வு நடக்கிறது என்ற அறிவிப்பு வாசலில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரும் படமும் எடுக்காதீர்கள். பின்தொடர்வதை ஒருவர் உணர்ந்து சங்கடப்பட்டால் அங்கேயே நிறுத்தி, காரணத்தைக் குறித்துவிடுங்கள். குழந்தைகளிடம் பேசப் பெற்றோரின் சம்மதம் வேண்டும்.

நாளைக் காலை முதல் வேலையாகக் கூடத்தின் பொறுப்பாளரிடம், இனி இதில் எதை மாற்ற முடியும் என்று கேளுங்கள். பேழைகளை நகர்த்த முடியாது, பலகைகளை மாற்றலாம் என்றால், "பொருளைப் பார்த்தார்", "பலகையைப் படித்தார்" என்று இரண்டு தனிக் குறிகள் உங்கள் வரைபடத்தில் இப்போதே வர வேண்டும். ஆறாம் வாரத்தில் சேர்த்தால் முதல் ஐந்து வாரத் தாள்கள் அதற்குப் பயன்படாது.